நீருக்கும் ஒரு பரிமாண விரதம்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)



பகவான் மகாவீரர் பிறந்தருளிய திருநாளில் அறம் பற்றிப் பேசுவது நம் மரபு. ஆயினும், நாட்டின் நீர்வளம் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இல்லறத்தாருக்கு நம் ஆசாரியர்கள் வகுத்த விரதங்களை எண்ணிப் பார்த்தால், இரண்டும் ஒரே பொருள்தான் என்பது புலப்படும். ஆகவே முதலில் நாட்டின் கணக்கையும், பின்னர் நம் அறத்தின் கணக்கையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழ்நாடு இந்திய நிலப்பரப்பில் 4 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையும் கொண்டது. ஆனால் நாட்டின் நீர்வளத்தில் நமக்குள்ள பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்டின் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான மழை வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில், அதுவும் எண்ணிச் சொல்லக்கூடிய சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாநிலத்தின் ஆற்று நீர், ஏரி நீர் ஆகிய மேற்பரப்பு நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டதாக அரசின் கொள்கைக் குறிப்புகள் கூறுகின்றன. புதிதாக அணை கட்டிப் பெறத்தக்க நீர் இனி மிகுதியாக இல்லை என்பதே இதன் பொருள்.

அரசு வாளாவிருக்கவில்லை. மாநில நீர்க் கொள்கை 1994ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. குடிநீருக்கே முதலிடம் என்று அது வரையறுத்தது. மாநிலத்தின் ஆறுகள் 17 வடிநிலங்களாகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் வரவும் தேவையும் ஆராயப்பட்டன. கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பட்டன; ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுடையதாக அமைக்கப்பட்டது. இவ்வளவும் செய்த பின்னரும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 தொட்டிகள் கொண்ட ரயில் 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்து வந்தது. தலைநகருக்கு நீர் தர ரயில் உண்டு, கடல் உண்டு. வந்தவாசிக்கும் செஞ்சிக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் கிணறு வற்றினால், அங்கே எந்த ரயிலும் வரப் போவதில்லை.

நம் குடும்பங்கள் வேரூன்றிய ஊர்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ளன. இவை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகளை நம்பிய ஊர்கள் அல்ல. பாலாறும் செய்யாறும் சங்கராபரணியும் மழைக்காலத்தில் சில நாட்கள் ஓடிப் பின் மணலாகக் கிடப்பவை. ஆகவே நம் முன்னோர் ஏரியையும் கிணற்றையும் நம்பினர். இன்று ஏரியை விட்டுவிட்டு ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்புகிறோம். அதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 2017ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 குறுவட்டங்கள் மிகைநுகர்வுக்கு உள்ளானவை. மிகைநுகர்வு என்பது, ஓராண்டில் மழையால் நிலத்துள் இறங்கும் நீரைவிட அதே ஆண்டில் நாம் மேலே இறைக்கும் நீர் மிகுதி என்பதாகும். வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை வணிகமும் வேளாண்மையும் அறிந்த நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். நிலத்தடி நீரை நெறிப்படுத்த 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கே கொண்டுவரப்படாமல் 2013இல் நீக்கப்பட்டது. லட்சக்கணக்கான கிணறுகளின் அருகே அதிகாரி ஒருவரை நிறுத்தி எந்த அரசாலும் அளக்க இயலாது. அணையின் மதகை அரசு திறக்கலாம், மூடலாம். நம் தோட்டத்து மோட்டாரின் விசையோ நம் கையில் உள்ளது. மாநில அளவில் எத்துணைச் சிறந்த திட்டம் தீட்டினாலும், அது நிறைவேறுவதும் பொய்ப்பதும் அந்த விசையின் அருகேதான்.

முற்காலத்தில் இந்த அளவை வகுத்தவர் யார்? கருவியே வகுத்தது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில், மாட்டின் வலிமையும் மனிதனின் களைப்பும் எல்லையாக நின்றன. கிணற்றில் நீர் தாழ்ந்தால் இறைப்பு தானே நின்றது. இரவில் நீர் ஊறியது. ஏரிக்குக் கலிங்கு எல்லையாக இருந்தது. ஏரி தன் அளவுக்கு நிறைந்ததும் மிகுந்த நீர் கலிங்கின் வழியே வழிந்து, அடுத்த ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயில் சேரும். மேலூர் ஏரி எவ்வளவு வேண்டுமானாலும் தேக்கிக்கொள்ள இயலாது. கலிங்கின் மேல் கல்லும் மண்ணும் அடுக்கி உயர்த்துவது கீழூருக்குச் செய்யும் களவாகக் கருதப்பட்டது. ஊர்ச் சண்டைகள் பல அதனாலேயே மூண்டன.

இந்தக் கலிங்கோடு நம் சமயத்துக்கு நேரான தொடர்பு உண்டு. போளூரை அடுத்த திருமலையை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். நேமிநாதரின் நெடிய திருவுருவத்தைத் தரிசிக்கச் செல்லும் நாம், அங்குள்ள கல்வெட்டுகளைப் பெரும்பாலும் நின்று பார்ப்பதில்லை. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 1005-1006ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட, ஒரு கல்வெட்டு அங்கே உள்ளது. குணவீர மாமுனிவர் என்பவர் கலிங்கு ஒன்றை அமைத்து, கணிசேகர மருபொற்சூரியன் என்னும் ஆசிரியரின் பெயரை அதற்குச் சூட்டினார் என்றும், அதன் இருமருங்கும் நெல் விளையக் கண்டார் என்றும் அது தெரிவிக்கிறது. அந்தப் பெரியவர் ஏன் நீர்ப்பணியில் ஈடுபட்டார்? ஓர் ஆசிரியரின் பெயர் நிலைக்க வேண்டுமெனில், பல உயிர்களுக்குப் பயன் தரும் ஒன்றில் அப்பெயர் நிற்க வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

அக்காலத்து ஊர்களுக்கு நீரைத் தாமே ஆளும் அமைப்பும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்ததை அவை கூறுகின்றன. அவற்றுள் ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் தனியே இருந்தது. அதற்கு உறுப்பினர் அறுவர். ஓராண்டு முடிந்ததும் அவர்கள் பொறுப்பு விலகினர். வேந்தன் தஞ்சையில் இருந்தான். மதகும் கரையும் ஊராரிடம் இருந்தன.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லி நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. ஏரி ஊருக்குப் பொது என்று பேசப்பட்டாலும், கரையில் மண் சுமந்தவர்களுக்கும் மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளுக்கும் பெரும்பாலும் நிலம் இல்லை. முடிவெடுக்கும் அவையில் இடமும் இல்லை. குடிமராமத்துக்கு ஆள் தருவதைக் கட்டாயமாக்க 1858இல் ஆங்கிலேயர் ஒரு சட்டமே இயற்றினர். நிலமுடையோர் பயன்பெற, நிலமற்றோர் உழைத்தனர். அந்த வரலாறு நம் ஊர்களுக்கும் உரியதே. இன்று மக்கள் பங்கேற்பு என்று பேசும்போது, ஆயக்கட்டில் பட்டா வைத்திருப்போர் மட்டுமே மக்கள் என்று கொண்டால் பழைய பிழையையே திரும்பச் செய்தவர்கள் ஆவோம். குடத்துடன் குழாயடியில் காத்திருக்கும் பெண்களும், ஆடு மாடுகளுக்கு ஏரி நீரை நம்பியிருப்போரும் அந்த அவையில் சமமாக அமர வேண்டும்.

இனி நம் அறத்தின் கணக்குக்கு வருகிறேன்.

நீரை வெறும் பொருளாக நம் ஆகமம் கருதவில்லை. நிலவுயிர், நீருயிர், தீயுயிர், வளியுயிர், தாவரவுயிர் என ஓரறிவு உயிர்களை ஐந்தாகப் பகுத்து, நீரையே உடலாகக் கொண்ட உயிர் உண்டு என்று கூறுகிறது. இல்லறத்தார் நீரைப் பயன்படுத்தாமல் வாழ இயலாது. ஆகவே தேவைக்கு மட்டும் கொள்க என்று எல்லை வகுத்தனர். இல்லறத்தாரின் குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது அது. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அதனை விரிக்கும்போது, நீரை வீணே கையாளுவதையும் அத்தகைய தீங்குகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளார். நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டியும், நெற்பயிர் கேட்காதபோதும் இரவெல்லாம் ஓடும் மோட்டாரும் நம் விரதத்துக்கு ஊறு செய்பவை.

நம் பாட்டிமார் நீரைத் துணியில் வடிகட்டிய முறையை மூத்தோர் நினைவில் வைத்திருப்பீர்கள். வடிகட்டுவதோடு அந்தக் கடமை முடியவில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தார்களோ அந்தக் கிணற்றிலேயே மெல்லச் சேர்த்தார்கள். வேறு நீரில் விட்டால் அவை மாளும் என்பது கருத்து. ஆழ்துளைக் கிணற்றில் இது இயலுமா? அது நீரைத் தருகிறது, திரும்ப ஏற்றுக்கொள்வதில்லை. முனிவர்களுக்கு ஆகாரம் அளிக்கும் நாளில் கிணற்று நீரையே தேடுகிறோம். ஜினாலய அபிடேகத்துக்கும் அவ்வாறே. நம் ஊர்களில் திறந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றிக் குப்பைக் குழிகளாகும்போது, வேளாண்மை மட்டும் குன்றுவதில்லை. நம் அன்றாட ஆசாரத்தையே கைக்கொள்ள இயலாத நிலை வருகிறது. கிணறு காப்பதை நம் சமயக் கடமைகளுள் ஒன்றாக நான் கூறுவது இதனால்தான்.

அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. வீடு, நிலம், பொன், நெல் ஆகியவற்றுக்கு இவ்வளவு போதும் என்று அவரவரே வரை வகுத்துக்கொள்ளும் பரிமாண விரதம் அது. அந்தப் பட்டியலில் இன்று நீரையும் சேர்க்க வேண்டும் என்பதே இந்த அவையில் என் வேண்டுகோள். மாடும் கலிங்கும் வகுத்த எல்லை மறைந்துவிட்டது. மின்சாரம் தளர்வதில்லை. இனி எல்லை நம் உள்ளத்திலிருந்தே வர வேண்டும்.

அளவு வகுக்க முதலில் அளக்க வேண்டும். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். நெல்லுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தேவை. ஓர் ஏக்கருக்கு அது சுமார் 48 லட்சம் லிட்டர். ஊரகக் குடிநீருக்கு அரசு வகுத்துள்ள அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஓராண்டில் 1 லட்சம் லிட்டர். ஆக, ஓர் ஏக்கர் நெல் ஒரு பருவத்தில் கொள்ளும் நீர், 48 குடும்பங்களின் ஓராண்டு வீட்டுத் தேவைக்குச் சமம். அதில் ஒரு பகுதி மீண்டும் நிலத்துள் இறங்கும் என்பதும், சம்பாப் பருவத்தில் மழையே பெரும்பங்கைத் தரும் என்பதும் உண்மை. ஆனால் இப்போது தொடங்கும் சொர்ணவாரிப் பட்டத்தில் ஏறத்தாழ முழுவதும் கிணற்று நீர்தான். நிலக்கடலைக்கு இதில் பாதி நீரும் வேண்டாம். கேழ்வரகுக்கும் எள்ளுக்கும் அதனினும் குறைவு. நெல்லையே விட்டுவிடுமாறு நான் கூறவில்லை. ஏரி நிறைந்த ஆண்டில் நெல், நிறையாத ஆண்டில் புன்செய்ப் பயிர் என்று ஊர் கூடி முடிவு செய்யலாம்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர்க்கு மகாராட்டிர மாநிலத்து ஹிவரே பஜாரைச் சுட்டுவேன். அங்கே பெய்யும் மழை நம் மழையில் ஏறத்தாழப் பாதி. அவ்வூரார் தம் ஊராட்சித் தலைவர் போபட்ராவ் பவாரின் வழிகாட்டுதலில் குன்றுச் சரிவுகளில் வரப்பு வெட்டி மழையைத் தேக்கினர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று தாமே விதி வகுத்தனர். ஆண்டுதோறும் மழை முடிந்ததும் பெய்த அளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து, கிராம சபையில் அவ்வாண்டின் நீர்க் கணக்கை வைத்து, என்ன பயிரிடலாம் என்று தீர்மானிக்கின்றனர். குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக எஞ்சியதே பாசனத்துக்கு. அவர்கள் செய்தது ஓர் ஊரின் பரிமாண விரதம்.

'நான் ஒருவன் மோட்டாரை நிறுத்தினால் பக்கத்து நிலத்துக்காரர் இறைத்துக்கொள்வாரே' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஆகவேதான் இந்த விரதத்தைத் தனியே ஏற்பதோடு நில்லாமல், ஊரோடு ஏற்க வேண்டும் என்கிறேன். நம் ஊர்களில் நாம் சிறு தொகையினரே. ஆயினும் ஊரார் நம் சொல்லுக்கு இன்றும் மதிப்பளிக்கின்றனர். அந்த மதிப்பை இதற்குப் பயன்படுத்தலாம்.

'நாங்கள் சென்னைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. எங்களால் என்ன செய்ய இயலும்?' என்று கேட்போரும் இங்கே பலர் உள்ளனர். உங்கள் நிலம் அங்கேயே உள்ளது. வேறொருவர் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். குத்தகையை நெல் மூட்டைக் கணக்கில் நீங்கள் பெறும்வரை, நீர் இல்லாத ஆண்டிலும் அவர் நெல்லே நட வேண்டியவராகிறார். அதற்காகக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துகிறார். நெல்லை நட்டவர் அவர். நடச் செய்தவர் நீங்கள். குத்தகையைப் பணமாகவோ, விளைந்த பயிரில் பங்காகவோ மாற்றிக்கொள்ளுங்கள். வறண்ட ஆண்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள். சென்னையில் இருந்தபடியே உங்கள் ஊரின் நீரை நீங்கள் காக்கும் வழி இது.

இந்த விழா மலரைக் கையில் ஏந்தி வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் தன் ஊருக்காகச் செய்யத்தக்க மற்ற மூன்று பணிகளையும் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, ஜினாலயத்து மழைநீர். கூரையும் திருச்சுற்றும் சேர்ந்து 10,000 சதுர அடி உள்ள ஓர் ஆலயத்தின் மேல், சராசரி மழையுள்ள ஆண்டில், 8 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. ஆவியாவதும் சிந்துவதும் போக, பெரும்பகுதியை மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டியின் வழியே வடித்து ஆலயக் கிணற்றில் இறக்கலாம். திருப்பணிக்கு நிதி திரட்டும்போது இதனையும் அத்திருப்பணியில் ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஊர்க் கிணறு. ஒவ்வோர் ஊரிலும் ஒரு திறந்த கிணற்றையேனும் தூர் வாரி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, உட்சுவரில் அளவுக்கோடு வரைந்து, மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து ஊருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே இதனைச் செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத நீரின் மேல் எவருக்கும் அக்கறை பிறப்பதில்லை. சுவரில் எழுதிய எண்ணை ஊர் பேசும்.

மூன்றாவது, கிராம சபை. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உலக நீர் நாளாகிய மார்ச் 22 அவற்றுள் ஒன்று. அடுத்து வருவது மே 1. நம் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டுள்ளது, எங்கே ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது, கலிங்கு உடைந்துள்ளதா என்பதை நேரில் நடந்து பார்த்து, தீர்மானமாக எழுதி நிறைவேற்ற வேண்டும். 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத் துறைக்குரியது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்குரியது. யாரிடம் கேட்பது என்று தெரிந்து கேட்டால் தட்டிக்கழிப்பது அரிதாகும். ஆக்கிரமித்தோர் நம் உறவினராயின், அவர்களிடம் முதலில் பேச வேண்டியவர் நாமே.

2024 டிசம்பர் முதல் நாளில், ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. ஓராண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் பெய்து, ஊர்களை மூழ்கடித்துக் கடலுக்குச் சென்றது. இனி வரும் மழை இவ்வாறே வரக்கூடும் என்று வானிலை அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். அந்த ஒரு நாளுக்காக மற்ற 364 நாட்களும் ஏரியும் கால்வாயும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

விரதம் ஏற்போர் ஆசாரியர் முன் அளவைச் சொல்லி ஏற்பது வழக்கம். இவ்வாண்டு உங்கள் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் நிலத்துக்கும் வீட்டுக்கும் எவ்வளவு நீர் போதும் என்பதை எண்ணால் குறித்து, ஜினபிம்பத்தின் முன் அதனைச் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். கீழூரில் உள்ளவரும் நாளை பிறப்பவரும் அந்த எண்ணால் வாழ்வர்.

 அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.